மாற்றுச் சட்டை

அத்தியா பயந்தவள் என்று கள்ளக்குறிச்சியில் அவள் தெரு முழுக்கத் தெரியும். இருட்டுக்கோ கரப்பான்பூச்சிக்கோ பயப்படுகிறவள் இல்லை. ஆட்டுத்தலையைத் தனியாக உட்கார்ந்து வெட்டிச் சுத்தம் பண்ணுவாள். தெருநாய் துரத்தினால் நின்று திருப்பி முறைப்பாள். அவளுடைய பயமெல்லாம் ஃபோனோடுதான். அது அடித்தால் ஒரு பயம், அடிக்காவிட்டால் இன்னொரு பயம்.

புருஷன் சுபைர் புளி வியாபாரி. கல்வராயன் மலைக்குப் போய்ப் புளியும் கடுக்காயும் வாங்கி வந்து கடையில் விற்கிறவர். அவருடைய தம்பி ரவூப்தான் குட்டியானை வண்டியை ஓட்டுவான். வாரத்தில் ஒருநாள் அண்ணனும் தம்பியும் விடிந்ததும் மலையேறினால் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் டவர் போய்விடும். வெள்ளிமலையில் கொஞ்சம் கிடைக்கும், மறுபடியும் போய்விடும்.

அந்த நேரத்தில் அத்தியாவின் மனதுக்குள் ஒரு முழுப்படம் ஓடும். வண்டி கவிழும், சுபைர் பள்ளத்தில் கிடப்பார், இவள் விதவையாகி இத்தா இருப்பாள், மகள் அஸ்ரினுக்கு நிக்காஹ் பேச ஆளில்லாமல் சொந்தக்காரர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். படம் முடிகிற நேரத்தில் சுபைர் வாசலில் வந்து செருப்பைக் கழற்றுவார். உயிரோடு வந்ததற்காக அவருக்கு ஒரு சண்டை காத்திருக்கும். பாவம், மனுஷன் வருஷக்கணக்காக இந்தச் சண்டையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் சோற்றைச் சாப்பிட்டார்.

இப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மறைப்பார்கள். "அம்மாகிட்ட சொல்லாத" என்பதுதான் அந்த வீட்டில் அதிகம் புழங்கிய வாக்கியம். சுபைருக்குச் சர்க்கரை ஏறியது அவளுக்குச் சொல்லப்படவில்லை. ரவூப் வண்டியை ஒரு சுவரில் இடித்தது சொல்லப்படவில்லை. எல்லாம் அவள் நிம்மதிக்காக. ஆனால் மறைக்கிற வீட்டில் ஒரு வாடை இருக்கும். பேச்சு சட்டென்று நிற்கும், டீவி சத்தம் கூடும், கேட்காமலே மகள் பாத்திரம் கழுவுவாள். அத்தியா இதையெல்லாம் கவனித்துவிடுவாள். என்ன நடந்தது என்று மட்டும் தெரியாது. தெரியாததை அவள் தன் கையிருப்பிலிருந்து போட்டு நிரப்பிக்கொள்வாள், அந்தக் கையிருப்பில் நல்லது எதுவும் கிடையாது.

பிறக்கும்போதே இப்படிப் பிறந்தவள் இல்லை. அவளைப் பெற்ற அத்தா ஷேக் தாவூது சங்கராபுரத்தில் இருந்தார். அஸ்ரின் கைக்குழந்தையாக இருந்த சமயம், ஒருநாள் காலையில் அத்தியாவின் அண்ணன் ஃபோன் பண்ணினான்.

"அத்தாவுக்குக் கொஞ்சம் முடியல. வந்து பாத்துட்டுப் போ. வரும்போது ஒரு ஹார்லிக்ஸ் வாங்கிக்கினு வா."

ஹார்லிக்ஸ் கேட்கிறாரா, அப்படியென்றால் பசி எடுத்திருக்கிறது என்று அத்தியா சந்தோஷப்பட்டாள். பெரிய பாட்டிலாக வாங்கினாள். கூடவே ரொட்டியும் கொஞ்சம் சாத்துக்குடியும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே போனாள். சங்கராபுரத்தில் இறங்கித் தெருமுனை திரும்பினால், வீட்டு வாசலில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். தொப்பி போட்ட ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தா விடிகாலை பஜ்ர் தொழுகைக்கு முன்பே மௌத்தாகியிருந்தார். இடுப்பில் குழந்தையும் கையில் ஹார்லிக்ஸுமாக அவள் அந்தத் தெருவை நடந்து கடந்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"ஃபோன்ல எப்படிம்மா சொல்றது. தனியா புள்ளைய தூக்கிக்கினு வர்ற. வழியில எதுனா ஆச்சின்னா?" என்றான் அண்ணன்.

அவன் கெட்டவன் இல்லை. நம் பக்கத்தில் சாவை ஃபோனில் சொல்ல மாட்டார்கள். முடியல என்பார்கள், சீரியஸாக இருக்கிறார் என்பார்கள், முகத்தைப் பார்த்துவிட்டுப் போ என்பார்கள். வருகிறவர்கள் வழியில் மயங்கி விழக் கூடாதே என்கிற கருணை. அந்தக் கருணை அத்தியாவுக்கு என்ன செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து யார் எந்தச் செய்தி சொன்னாலும் அவள் காது அதை ஒரு படி ஏற்றித்தான் கேட்டது. ஒண்ணும் இல்லை என்றால் அடிபட்டிருக்கிறது. அடி என்றால் ஆள் பிழைக்காது. கொஞ்சம் முடியல என்றால் நாற்காலி போட்டுவிட்டார்கள்.

இந்த வருஷம் நெஞ்சு படபடப்பு ஜாஸ்தியாகி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர், இதயத்தில் குறை இல்லை என்று சொல்லி மனநல ஆலோசனை அறைக்கு அனுப்பினார். அங்கே சுபஸ்ரீ என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். அத்தியா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"பயம் வந்தா அடுத்து இன்னா ஆவும்னு ஓடாதீங்கக்கா. இப்ப கண்ணு முன்னாடி இன்னா இருக்குதோ அத மட்டும் பாருங்க. ஒண்ணொண்ணா வாய்விட்டுச் சொல்லுங்க. மூச்சு உள்ள போவுது, வெளிய வருது, அதையும் பாருங்க. இருக்கறத ஏத்தவும் வேணாம், எறக்கவும் வேணாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அத்தியா மகளிடம் பொரிந்து தள்ளினாள். "கண்ணு முன்னாடி குக்கர் இருக்குது. கழுவாத பாத்திரம் இருக்குது. அத சொன்னா பயம் பூடும்னா ஊர்ல ஒருத்தரும் பயப்பட மாட்டாங்களே." காலேஜில் படிக்கிற அஸ்ரினுக்கு அதுவே விளையாட்டாகப் போயிற்று. அம்மா முகம் மாறினால் போதும், "குக்கர் இருக்குதாம்மா?" என்று கேட்டு ஓடிவிடுவாள். ஆனால் கடையின் பின்கட்டில் புளிக்குக் கொட்டை எடுக்கும்போது அத்தியா யாருக்கும் தெரியாமல் அதைச் செய்து பார்த்தாள். இது ஓடு, இது நார், இது கொட்டை. கொஞ்ச நேரம் படம் ஓடவில்லை. இதை அவள் மகளிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் மத்தியானம் ரவூப்பிடமிருந்து ஃபோன் வந்தது.

"அண்ணி, பதட்டப்படாதீங்க. அண்ணனுக்குக் கொஞ்சம் முடியல. மலையில வண்டி லேசா சறுக்கிடிச்சி. பெரியாஸ்பத்திரிக்கு வந்துக்கிறோம். ஒண்ணும் இல்ல."

குரல் நடுங்கியது. ஒன்றும் இல்லாதவனுக்கு ஏன் குரல் நடுங்க வேண்டும்?

"அண்ணன்கிட்ட ஃபோனக் குடு."

"அண்ணன எக்ஸ்ரேக்கு இட்டுக்கினு போய்க்கிறாங்க. வரும்போது அண்ணனுக்கு ஒரு சட்டை எடுத்துக்கினு வாங்க அண்ணி."

ஃபோனை வைத்ததும் அத்தியா அழவில்லை. அடுப்பை அணைத்தாள். ஊறவைத்த அரிசியில் தண்ணீரை மாற்றி மூடினாள். அஸ்ரின் பீரோவைத் திறந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து வந்தாள்.

"இதும்மா? பித்தான் வச்சது, போட ஈசியா இருக்கும்."

"சட்டை வேணாம்."

"சாச்சா கேட்டாரேம்மா."

"வேணாம்னா வேணாம். உள்ள வை."

சட்டை எதற்கு என்று அவளுக்குத் தெரியும். ஹார்லிக்ஸ் எதற்கோ அதற்குத்தான். மறுபடியும் கையில் ஒரு சாமானோடு ஊர் பார்க்க நடந்துபோக அவள் தயாராக இல்லை. வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு, வெறுங்கையோடு ஆட்டோவில் ஏறினாள்.

ஆட்டோவில் அவள் சுபஸ்ரீ சொன்னதைச் செய்து பார்த்தாள். கண் முன்னால் டிரைவரின் கழுத்து. கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சம்பழம். மழைத் தண்ணீர். அடுத்து ஒரு வாடகைச் சாமான் கடை, வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள். அதோடு அத்தியா கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சைப் பார்க்கலாம் என்றால் அது நெஞ்சோடு நின்றுவிட்டது. சுபைர் கல்யாணத்தன்று பூமாலைக்குள் வேர்த்து வழிந்தது ஞாபகம் வந்தது. நேற்று ராத்திரி குழம்பில் உப்புக் கம்மி என்று சொன்னார், அதற்கு அவள் திட்டியிருந்தாள். கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுவாகவா போக வேண்டும் என்று நினைத்தாள். பெரியாஸ்பத்திரி வருவதற்குள் அவள் புருஷனைக் குளிப்பாட்டி, கபன் துணி போட்டு, பள்ளிவாசலுக்கு அனுப்பி, அடக்கம் பண்ணி முடித்திருந்தாள். அஸ்ரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சாச்சா ஒண்ணும் இல்லன்னுதானேம்மா சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சொன்னதை நம்புகிற வயது அவளுக்கு.

ரவூப் வாசலில் நின்றிருந்தான். சட்டையெல்லாம் சேறும் ரத்தமும்.

"எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள் அத்தியா.

அவன் விழித்தான். "உள்ளதான் அண்ணி. வார்டுல."

உள்ளே சுபைர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்திருந்ததால் பாதி மார்பு தெரிந்தது. இடது கையில் டீ கிளாஸ். மனைவியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "சட்டை எங்க?"

அத்தியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவருடைய நல்ல தோளில் ஒரு அடி வைத்தாள். டீ சிந்தியது.

"ஆட்டோல வரும்போதே உங்கள அடக்கம் பண்ணிட்டு வந்துக்கிறேன். சட்டை கேக்குறீங்க."

"கை எலும்பு உடைஞ்சிருக்குது, அவ்வளவுதான். ரவூப் ஃபோன்ல சொன்னானே?"

"அவன் கை உடைஞ்சிச்சின்னு சொல்லல. கொஞ்சம் முடியலன்னான்."

சுபைர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். மாமனார் மௌத்தான கதை அவருக்கும் தெரியும். ரவூப் சுவரோரம் ஒதுங்கி நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று அத்தியாவுக்குப் புரிந்துவிட்டது.

பாக்கி அடுத்த கட்டிலில் இருந்தது. காசிநாதன், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்க்காரர். சுபைருக்குப் புளி சேர்த்துக் கொடுக்கிறவர். வண்டி இறங்கும்போது புளி மூட்டைகளுக்கு மேலே உட்கார்ந்து வந்திருக்கிறார், எல்லோரும் உட்காருகிற மாதிரிதான். மழைச்சேற்றில் வளைவில் வண்டி சறுக்கிப் பக்கவாட்டில் சாய்ந்ததில் அவருடைய வலது கால் அடியில் மாட்டி நசுங்கிவிட்டது. முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இன்றைக்கே எடுத்தால்தான் உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரும் சரி என்று தலையாட்டியிருந்தார். அவர் மனைவி பச்சையம்மாளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. ரவூப் ரெண்டு தடவை ஃபோனை எடுத்து, பேச முடியாமல் வைத்துவிட்டான்.

"நீ பேசு அத்தியா" என்றார் சுபைர். "உன்னத் தெரியும் அவங்களுக்கு. காசிக்குக் கொஞ்சம் முடியல, கிளம்பி வான்னு மட்டும் சொல்லு. வந்தப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்."

காசிநாதன் கட்டிலிலிருந்து ஈனஸ்வரத்தில் பேசினார். "ஆமா பாயம்மா. கால் விசயத்தைச் சொல்லிடாதீங்க. அது தாங்காது."

பச்சையம்மாள் புளி வண்டியோடு சில தடவை வீட்டுக்கு வந்திருக்கிறாள். அதிகம் பேசமாட்டாள். பெருநாள் பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, தட்டையும் தானே கழுவி வைப்பாள். அத்தியா வராண்டாவுக்கு வந்து ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்சம் முடியல. எவ்வளவு சுலபமான வார்த்தை. நாக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருந்தது. சொல்லிவிட்டால் அழுகையைக் கேட்க வேண்டாம், கேள்விக்குப் பதில் வேண்டாம், மீதிப் பாரத்தை அந்தப் பெண்ணே பஸ்ஸில் சுமந்துகொண்டு வருவாள். அண்ணன் அன்றைக்கு ஃபோனைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் நின்றிருப்பான் என்று முதல் தடவையாகத் தோன்றியது. இத்தனை வருஷம் அவன் மேல் வைத்திருந்த கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. அதற்காக அவன் செய்ததையே செய்ய மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் மலைமேல் அவள் மயங்கி விழலாம். சொல்லாவிட்டால் பஸ்ஸிலேயே பொட்டை அழித்துவிட்டு வருவாள்.

அவள் திரும்ப உள்ளே வந்து, காசிநாதன் முகம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு நம்பரை அழுத்தினாள்.

"பச்சையம்மா, நான் பாயம்மா பேசறேன். பக்கத்துல ஆள் இருக்குதா?"

"நாத்தனார் இருக்குது. இன்னா பாயம்மா?"

"உக்காந்துக்க. வண்டி கவுந்துடிச்சி. உன் வூட்டுக்காரர் கால் அடியில மாட்டிக்கிச்சி. உயிரு இருக்குது. ஆனா அந்தக் காலு இருக்காது. முட்டிக்குக் கீழ எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. சாயந்திரம் எடுப்பாங்க."

சுபைர் கண்ணை மூடிக்கொண்டார். ஃபோன் வழியாக மலையில் எங்கோ கோழி கத்துகிற சத்தம் மட்டும் வந்தது.

"பாயம்மா" என்றாள் பச்சையம்மாள் கடைசியில். "செத்துப்பூடிச்சா? மெய்யா சொல்லு."

அத்தியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலைமேலும் இதே ஒரு படி ஏற்றிக் கேட்கிற காதுதான்.

"இல்ல பச்சையம்மா. நான் அவரப் பாத்துக்கினுதான் பேசறேன். கண்ணு தொறந்திருக்குது. நெஞ்சு ஏறுது, எறங்குது. உதடு காஞ்சிருக்குது. உன்கிட்ட சொல்லிட்டேன்னு என்னை முறைக்கிறாரு. இரு, குடுக்கறேன்."

ஃபோனை அவர் காதில் வைத்தாள். காசிநாதன் "வந்துடு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தியா ஃபோனை வாங்கினாள்.

"எந்தக் காலு பாயம்மா?"

"வலது காலு."

"சரி. வர்றேன்."

வெள்ளிமலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் மறுபடி கூப்பிட்டாள். "இப்ப?" என்று மட்டும் கேட்டாள். இப்போது ஊசி போட்டிருக்கிறார்கள், முனகுகிறார், நர்சு பக்கத்தில் நிற்கிறது என்று அத்தியா பார்த்ததைச் சொன்னாள். ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. அதன்பிறகு பஸ் மலையிறங்கத் தொடங்கியிருக்கும், டவர் போய்விட்டது.

இப்போது அத்தியாவின் படம் மறுபடி ஓடத் தொடங்கியது, ஆனால் அதில் இருந்தது பச்சையம்மாள். நம்பியிருப்பாளா? பாயம்மா நல்லவிதமாகச் சொல்கிறாள் என்று நினைத்து மாரில் அடித்துக்கொண்டு வருகிறாளா? தப்புப் பண்ணிவிட்டோமா? காசிநாதனை உள்ளே கொண்டுபோனார்கள். அத்தியா அந்தக் கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து துப்பட்டி முனையை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

அஸ்ரின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, போன மாசம் ஸ்கூட்டிலேருந்து வுழுந்துட்டேன். முட்டி பேந்துடிச்சி. அத்தாதான் உன்கிட்ட சொல்லவேணாம்னாரு."

அத்தியாவின் நெஞ்சு வழக்கம்போல ஒரு குதி குதித்தது. லாரி, தலை, ரத்தம் என்று வாய்வரை வந்தது. "காட்டு" என்றாள்.

அஸ்ரின் யாரும் பார்க்காமல் பேண்ட்டை முட்டிவரை தூக்கினாள். தழும்பு, ஓரத்தில் புதுத்தோல். அத்தியா விரலால் அதைத் தடவிப் பார்த்தாள். ஆறியிருந்தது. ஆறியதற்கு மேல் அங்கே வேறெதுவும் இல்லை.

"இனிமே அன்னைக்கே சொல்லு. திட்டுவேன். ஆனா சொல்லு" என்றாள். பிறகு, "வூட்டுக்குப் போய் அத்தாவுக்கு அந்த நீலச் சட்டையை எடுத்துக்கினு வா" என்று அனுப்பினாள்.

கச்சிராயபாளையத்திலிருந்து ஃபோன் வந்தது. "இப்ப?"

"உள்ள இட்டுக்கினு போய்ட்டாங்க பச்சையம்மா. இப்ப நான் அவரப் பாக்கல. கதவத்தான் பாத்துக்கினு இருக்கேன். மூடியிருக்குது."

"சரி, கதவையே பாத்துக்கினு இரு" என்றாள் பச்சையம்மாள்.

அத்தியா எழுந்திருக்கவே இல்லை. விளக்குப் போடுகிற நேரத்துக்குப் பச்சையம்மாள் வராண்டாவில் வந்தாள். கூட நாத்தனார். நெற்றியில் பொட்டு இருந்தது. தோளில் ஒரு மஞ்சள் பை, கையில் தூக்குவாளி. கதவு திறந்து, உயிருக்கு ஆபத்தில்லை, மயக்கம் தெளிந்ததும் பார்க்கலாம் என்று நர்சு சொல்லிவிட்டுப் போன பிறகுதான் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். துவைத்த சட்டை. ஒரு வேட்டி. துண்டு. "சாமைக் கஞ்சி. முழிச்சா பசிக்கும்" என்று தூக்குவாளியைத் தள்ளி வைத்தாள்.

உயிரோடு இருக்கிறவனுக்குக் கொண்டுவருகிற சாமான்கள். அத்தியா மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. வெள்ளைத் துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பச்சையம்மாள் பையின் அடியில் கையை விட்டு ஒரு ஜோடி செருப்பை எடுத்தாள். இரண்டையும் தரையில் சேர்த்து வைத்தாள்.

"அவசரத்துல ரெண்டையும் எடுத்தாந்துட்டேன் பாயம்மா" என்றாள்.

அத்தியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இடது காலு நல்லா இருக்குது பச்சையம்மா. ஒரு கீறல் இல்ல. நான் பாத்தேன்."

பச்சையம்மாள் சரி என்று தலையாட்டினாள். வலது செருப்பைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.